வசந்த கால வாழ்த்து அட்டை: ரப்பர் ஸ்டாம்ப் குறைவாக இருந்தாலும் மையும் காகிதமும் சரியாக இருக்கட்டும்

கேள்வி இதுதான்: "டொராண்டோவில் இருக்கிறேன். ஈஸ்டர், சித்திரைப் புத்தாண்டு, அன்னையர் தினம் என்று வரிசையாக வருகிறது. ரப்பர் ஸ்டாம்ப் வைத்துக் கையாலேயே வசந்த கால வாழ்த்து அட்டைகள் செய்து அனுப்ப ஆசை. பூக்கள் உள்ள ஒரு ஸ்டாம்ப் செட், ஒரு கறுப்பு இங்க் பேட், ஒரு வாட்டர்கலர் பெட்டி வாங்கினேன். அச்சு திட்டுத் திட்டாக விழுகிறது. வண்ணம் தீட்டினால் கறுப்புக் கோடு கரைந்து பூவே சாம்பல் ஆகிவிடுகிறது. காய்ந்ததும் அட்டை சுருண்டுகொள்கிறது. இன்னும் நல்ல ஸ்டாம்ப் வாங்க வேண்டுமா?"

வேண்டாம். நீங்கள் சொல்லும் மூன்று கோளாறுக்கும் ஸ்டாம்ப்பின் தரம் காரணமில்லை. மை ஒரு வகை, காகிதம் வேறொரு வகை, மேலே தீட்டும் வண்ணம் இன்னொரு வகை என்று ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. இந்தக் கலையில் புதிதாக இறங்குகிற எல்லோரும் பணத்தை முதலில் ஸ்டாம்ப்பில் கொட்டுகிறார்கள், ஏனென்றால் கடையில் கண்ணைப் பறிப்பது அதுதான். நான் சொல்வது நேர் எதிர்: ஒரு பூ, ஒரு இலை, ஒரு வாழ்த்துச் சொல் இருக்கிற ஒரே செட்டை வைத்துக்கொண்டு, மிச்சப் பணத்தை மைக்கும் காகிதத்துக்கும் செலவழியுங்கள். அந்த ஒரு செட்டில் ஒரு பருவத்துக்கான அட்டைகளை எல்லாம் செய்யலாம்.

முதலில் மை. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாக் கறுப்பு பேடும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் உள்ளே இருக்கிற சரக்கு வேறு வேறு. டை மை என்பது சாயம். காகிதத்துக்குள் ஊறிச் சீக்கிரம் காய்ந்துவிடும். பிக்மென்ட் மை காகிதத்தின் மேல் உட்காரும், நிறம் அழுத்தமாக இருக்கும், காய நேரம் எடுக்கும். சால்வென்ட் மை கண்ணாடி, பிளாஸ்டிக் போன்ற வழுக்கும் பரப்புகளுக்காக வந்தது. உங்களிடம் இருப்பது அநேகமாக சாதாரண டை மை. அதில் தண்ணீர் பட்டால் கரையத்தான் செய்யும்.

வாட்டர்கலர் தீட்டப் போகிறீர்கள் என்றால் தண்ணீருக்கு அசையாத மை வேண்டும். சூகினெகோ நிறுவனத்தின் வெர்சாஃபைன், ரேஞ்சர் நிறுவனத்தின் ஆர்க்கைவல் இங்க் இரண்டும் இதற்கு நன்றாக நிற்கும். வெர்சாஃபைன் எண்ணெய் கலந்த பிக்மென்ட் மை, மகரந்தத் தாள், இலை நரம்பு மாதிரியான மெல்லிய கோடுகளைக் கூர்மையாகக் காட்டும். பதித்த கையோடு பிரஷ்ஷை எடுக்காதீர்கள். நன்றாகக் காய விடுங்கள், அல்லது ஹீட் கன்னால் (சூடான காற்றை ஊதும் கைக்கருவி) லேசாகச் சூடு காட்டுங்கள்.

இதே வெர்சாஃபைன் மேல் கோப்பிக் போன்ற ஆல்கஹால் மார்க்கரை ஓட்டினால் கறுப்பு இழுபட்டுப் பூ முழுக்கப் பரவிவிடும். ஆல்கஹால் மார்க்கருக்கு மெமென்டோ டக்ஸிடோ பிளாக் என்ற டை மைதான் சரி. அதே மெமென்டோவை வாட்டர்கலருக்கு நம்ப முடியாது. ஆகவே இங்க் பேட் வாங்குவதற்கு முன்னால், நான் தீட்டப்போவது தண்ணீர் வண்ணமா ஆல்கஹால் மார்க்கரா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். உங்களிடம் ஏற்கெனவே வாட்டர்கலர் இருப்பதால் வெர்சாஃபைன் அல்லது ஆர்க்கைவல் கறுப்பு ஒன்று வாங்கினால் போதும். இப்போது இருக்கிற பேடைத் தூக்கிப் போட வேண்டாம், வண்ணம் தீட்டாத வாழ்த்துச் சொற்களைப் பதிக்க அது உதவும்.

அடுத்து காகிதம். சாதாரண கார்ட்ஸ்டாக் (அட்டை செய்யும் தடித்த தாள்) மேல் தண்ணீர் பட்டால் அந்தப் பக்கம் மட்டும் உப்பும், மறுபக்கம் அப்படியே இருக்கும், அதனால்தான் சுருள்கிறது. வாட்டர்கலருக்கு 300 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள, வாட்டர்கலர் காகிதம் எடுங்கள். அதிலும் ஹாட் பிரெஸ் என்று போட்டிருக்கும் வழவழப்பானதை எடுங்கள். கோல்ட் பிரெஸ் காகிதம் சொரசொரப்பாக இருக்கும். ஓவியத்துக்கு அந்தச் சொரசொரப்பு அழகு, ஸ்டாம்ப்புக்கோ அதுவே எதிரி. மேடுகளில் மட்டும் மை ஒட்டிப் பள்ளங்கள் வெள்ளையாக நிற்கும். உங்கள் அச்சு திட்டாக விழுவதற்கு இதுகூட ஒரு காரணமாக இருக்கலாம். ஆல்கஹால் மார்க்கர் என்றால் வழவழப்பான வெள்ளை கார்ட்ஸ்டாக் வேண்டும், வட அமெரிக்காவில் நீனா சோலார் ஒயிட் என்ற தாளைப் பலரும் பயன்படுத்துகிறார்கள்.

அட்டையின் மேலேயே நேராக வண்ணம் தீட்டாதீர்கள். தனித் துண்டில் பதித்து, தீட்டி, காய வைத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வைத்துவிட்டு அப்புறம் அட்டையில் ஒட்டுங்கள். சுருளும் பிரச்சினை அத்தோடு தீரும். ஒரு பூ கெட்டுப்போனாலும் துண்டு மட்டும்தான் வீண், மடித்த அட்டை தப்பிக்கும்.

இப்போது பதிக்கிற கைப்பழக்கத்துக்கு வருவோம். ஸ்டாம்ப் இரண்டு விதம். மரக்கட்டையில் ஒட்டிய சிவப்பு ரப்பர் ஒன்று. கண்ணாடி மாதிரித் தெளிவான ஃபோட்டோபாலிமர் ஸ்டாம்ப் இன்னொன்று. தெளிவானது தனியாகத் தட்டையாக வரும், அக்ரிலிக் கட்டையில் ஒட்டிப் பதிக்க வேண்டும். எங்கே விழும் என்று ஊடே பார்க்க முடிவது அதன் பெரிய வசதி. ஆனால் புதிதாக வந்த தெளிவான ஸ்டாம்ப் மேல் தயாரிப்பின்போது படிந்த ஒரு வழுவழுப்பு இருக்கும், மை அதில் ஒட்டாமல் முத்து முத்தாகத் திரண்டுகொள்ளும். அச்சு திட்டாக விழுவதற்கு முதல் சந்தேகம் எனக்கு இதன் மேல்தான். பென்சில் அழிக்கும் வெள்ளை அழிரப்பரால் ஸ்டாம்ப்பின் முகத்தை மெதுவாகத் தேய்த்துவிட்டு, துடைத்து, ஒரு கழிவுத்தாளில் நாலைந்து தடவை பதித்துப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

ஸ்டாம்ப்பைப் பேடில் அழுத்தித் தேய்க்கக் கூடாது. நெற்றியில் பொட்டு வைப்பது போல லேசாக, பல தடவை ஒற்ற வேண்டும். அழுத்தினால் கோடுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் மை இறங்கி, இதழ்களுக்கு இடையில் அழுக்குப் புள்ளிகளாக விழும். பெரிய ஸ்டாம்ப் என்றால் அதை மல்லாத்திப் பிடித்து, பேடைக் கவிழ்த்து அதன் மேல் ஒற்றுங்கள். மை முழுதாகப் பட்டதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும்.

காகிதத்தில் வைக்கும்போது நேராக இறக்கி, ஆட்டாமல், எழுந்து நின்று உடம்பின் கனத்தை உள்ளங்கை வழியாகக் கொடுத்து அழுத்துங்கள். உட்கார்ந்தபடி அழுத்தினால் ஒரு பக்கம் கூடும், ஒரு பக்கம் குறையும். மரக்கட்டை ஸ்டாம்ப்புக்கு உள்ளேயே ஒரு மெத்தை இருக்கிறது. தெளிவான ஸ்டாம்ப்புக்கு அது கிடையாது, ஆகவே காகிதத்துக்கு அடியில் மெல்லிய ஃபோம் தாள் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். எடுக்கும்போது ஒரு கையால் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நேர் மேலே தூக்குங்கள்.

நிறைய அட்டை செய்கிறவர்கள் மிஸ்டி போன்ற ஸ்டாம்ப் பதிக்கும் தட்டு வைத்திருப்பார்கள். கீல் வைத்த மூடியில் ஸ்டாம்ப் ஒட்டிக்கொள்ளும், காகிதத்தைக் காந்தங்கள் அசையாமல் பிடிக்கும். முதல் அச்சு சரியாக விழாவிட்டால் மறுபடி மை ஒற்றி, மூடியை மூடி, அதே இடத்தில் மயிரிழை பிசகாமல் திரும்பப் பதிக்கலாம். அடுத்த வருடமும் தொடர்வீர்கள் என்று தோன்றினால் வாங்குங்கள். என் கணக்கில், இரண்டாவது ஸ்டாம்ப் செட்டுக்கு முன்னால் வாங்க வேண்டிய ஒரே கருவி இதுதான்.

சரி, இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி: வசந்தத்தின் நிறம். கடையில் வசந்தம் என்று விற்கிற அட்டைகளில் ரோஸ், மஞ்சள், வான நீலம், பச்சை எல்லாம் ஒரே அளவில் அடித்திருக்கும். வெளியே போய்ப் பாருங்கள். ஏப்ரலில் டொராண்டோ அப்படி இருக்காது. மரக்கிளைகள் இன்னும் பழுப்பாகத்தான் நிற்கும், புல்வெளி பாதி வைக்கோல் நிறம். அந்தப் பழுப்புக்கு நடுவில் ஒரு மஞ்சள், ஒரு வெளிர் ரோஸ் தெரியும்போதுதான் வசந்தம் வந்துவிட்டதென்று மனசு குதிக்கிறது. அட்டையிலும் அப்படித்தான் செய்ய வேண்டும். பெரும் பரப்பை வெள்ளையாகவோ வெளிர் பழுப்பாகவோ விட்டு, நிறத்தை ஒரே இடத்தில் வையுங்கள்.

டொராண்டோவின் ஹை பார்க் பூங்காவில் இருக்கிற செர்ரிப் பூக்களையே எடுத்துக்கொள்வோம். டோக்கியோ மக்களின் பேரில் 1959இல் டொராண்டோவுக்கு அன்பளிப்பாக வந்த மரங்களிலிருந்து தொடங்கியது அந்தத் தோப்பு. அவை சோமெய் யோஷினோ வகை. இதன் பூ ரோஸ் என்று சொல்கிறோமே தவிர, கிட்டப்போய்ப் பார்த்தால் கிட்டத்தட்ட வெள்ளை, அதில் ரோஸின் சாயல் மட்டும்தான். இந்த நிறத்துக்குத் தனியாக இங்க் பேட் தேட வேண்டியதில்லை. இதழ் முழுதாக நிறம் விழுகிற நிறைவு ஸ்டாம்ப்பில் சாதாரண ரோஸ் டை மையை ஒற்றுங்கள். முதல் அச்சைக் கழிவுத்தாளில் பதித்துவிடுங்கள். மறுபடி மை தொடாமல், மிச்சம் இருக்கிறதை அட்டையில் பதியுங்கள். அந்த இரண்டாவது அச்சில்தான் செர்ரியின் உண்மையான வெளிறல் கிடைக்கும். கழிவுத்தாள் இல்லாமல் எல்லா அச்சையும் அட்டையிலேயே பதித்தால், ஒரே பேடில் முதல் அச்சு முன்னால் இருக்கிற பூவாகவும், இரண்டாவது பின்னால் இருக்கிற பூவாகவும், மூன்றாவது தூரத்துப் பூவாகவும் வந்து நிற்கும். அட்டைக்குத் தானாகவே ஆழம் வந்துவிடும்.

வடிவத்தையும் கவனியுங்கள். செர்ரிக்கு ஐந்து இதழ், ஒவ்வொரு இதழின் நுனியிலும் ஒரு சின்ன வெட்டு. பிளம் பூவின் இதழ் நுனி உருண்டையாக இருக்கும், வெட்டு இருக்காது. உங்கள் ஸ்டாம்ப்பில் வெட்டு இல்லையென்றால், பதித்த பிறகு வெள்ளை ஜெல் பேனாவால் நுனியில் ஒரு சிறு கோடு இழுத்தால் போதும். செர்ரிப் பூக்கள் நீண்ட காம்புகளில் கொத்தாகத் தொங்கும், ஆகவே கிளையோடு ஒட்டிப் பதிக்காமல் கொஞ்சம் விலக்கிப் பதித்து, காம்பை மெல்லிய பேனாவால் இணையுங்கள். யோஷினோவில் பூ மலர்ந்த பிறகுதான் இலை வரும். அதனால் பூக்களுக்கு நடுவே பச்சை இலை வைக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். இலையே இல்லாத பழுப்புக் கிளையும் வெளிர் பூவும் மட்டும் இருக்கிற அட்டையைப் பார்த்தவுடன், ஹை பார்க் போனவர்களுக்கு அது அந்த மரம்தான் என்று தெரிந்துவிடும்.

ஒன்டாரியோவுக்கே உரிய அட்டை வேண்டும் என்றால் டிரில்லியம். 1937 முதல் இந்த மாகாணத்தின் பூ அது. மூன்று வெள்ளை இதழ், அடியில் மூன்று இலை, நடுவில் மஞ்சள் மகரந்தம். மேப்பிள் காடுகளில் மரங்கள் இலை விட்டு நிழல் கட்டுவதற்குள் பூத்து முடித்துவிடும். வடிவம் எளிது, ஆனால் வெள்ளைத் தாளில் வெள்ளைப் பூவைக் காட்டுவது எப்படி? இதழைத் தீட்டாதீர்கள், இதழைச் சுற்றித் தீட்டுங்கள். பதித்துக் காய்ந்ததும் இதழ் ஓரத்துக்கு வெளியே ஈரப் பிரஷ்ஷால் தண்ணீரை மட்டும் தடவுங்கள். அந்த ஈரத்தில் இலைப்பச்சையைத் தொட்டு வைத்தால் அது தானாகப் பரவி, ஓரத்தில் அழுத்தமாகவும் தள்ளிப் போகப்போக மங்கலாகவும் நிற்கும். பிறகு இதழ்கள் சேரும் குழியில் மட்டும் மிகவும் நீர்த்த சாம்பல் பச்சை ஒரு தொடல். அவ்வளவுதான், வெள்ளைப் பூ தாளிலிருந்து எழுந்து வரும். வயதான டிரில்லியம் இதழ் ரோஸாக மாறும் என்பதால், கூட்டத்தில் ஒன்றுக்கு மட்டும் நுனியில் ரோஸ் கொடுத்தால் காட்டில் பார்த்தது போலவே இருக்கும்.

வேலியோரத்து ஃபோர்சித்தியாவும் நல்ல பாடம். நான்கு இதழ் மஞ்சள் பூ, அதுவும் இலைக்கு முன்னால் வருவது. மஞ்சள் பேடைப் பற்றி ஓர் எச்சரிக்கை: கறுப்போ பச்சையோ ஒட்டியிருக்கும் ஸ்டாம்ப்பை அதில் ஒரு தடவை வைத்தாலே பேடில் கறை நின்றுவிடும். மஞ்சளுக்கு எப்போதும் கழுவித் துடைத்த ஸ்டாம்ப்தான்.

ராபின் பறவையின் முட்டைக்கூடு போட்ட அட்டைகள் இந்தப் பருவத்தில் நிறைய வரும். நீல முட்டை மேல் பழுப்பு மையைத் தெறிக்கவிட்டுப் புள்ளி போடுவது வழக்கமாகிவிட்டது. அழகாகத்தான் இருக்கும், ஆனால் இங்கே கூடு கட்டும் அமெரிக்க ராபினின் முட்டையில் புள்ளி கிடையாது, சுத்தமான நீலம். நான் புள்ளி இல்லாமல்தான் செய்வேன்.

ஒரே பூ ஸ்டாம்ப்பைக் கொத்தாக்குவதற்கு மாஸ்க் போடக் கற்றுக்கொள்ளுங்கள். ஒட்டும் குறிப்புத்தாளின் பசையுள்ள பகுதியில் அதே பூவைப் பதித்து, கோட்டின் மேலேயே, அல்லது மயிரளவு உள்ளே, கத்தரித்து எடுங்கள். அட்டையில் முன்னால் இருக்க வேண்டிய பூவை முதலில் பதியுங்கள். அதன் மேல் கத்தரித்த தாளை ஒட்டி மூடிவிட்டு, அடுத்த பூவைப் பாதி மேலே ஏறும்படி பதியுங்கள். தாளை எடுத்தால் இரண்டாவது பூ முதல் பூவுக்குப் பின்னால் மறைந்து நிற்கும். முன்னால் இருப்பது முதலில், பின்னால் இருப்பது பிறகு: இந்த வரிசை மட்டும் மாறக் கூடாது. கோட்டுக்கு வெளியே தாராளமாக விட்டுக் கத்தரித்தால் இரண்டு பூக்களுக்கு நடுவில் வெள்ளை இடைவெளி விழும், அதனால்தான் கோட்டின் மேலேயே வெட்டச் சொல்கிறேன். டூலிப் கொத்து, டாஃபொடில் வரிசை எல்லாம் இப்படித்தான் ஒரே ஒரு ஸ்டாம்ப்பில் செய்கிறார்கள்.

இன்னொரு வழி எம்பாசிங். வெர்சாமார்க் போன்ற நிறமில்லாத, ஒட்டும் தன்மையுள்ள மையில் பதித்து, வெள்ளை எம்பாசிங் பவுடரைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, ஹீட் கன்னால் சூடு காட்டினால் பவுடர் உருகிப் பளபளவென்று எழும்பி நிற்கும். அந்த வெள்ளைக் கோட்டில் தண்ணீர் ஒட்டாது. மேலே நீலமும் பச்சையுமாக வாட்டர்கலரைத் தாராளமாக ஓட்டினாலும் கோடு மட்டும் வெள்ளையாகவே இருக்கும். கையில் நடுக்கம் உள்ளவர்களுக்கும் பிரஷ் பழக்கம் இல்லாதவர்களுக்கும் இதைத்தான் நான் முதலில் சொல்வேன், ஏனென்றால் கோட்டுக்குள் நிறுத்திப் பழக வேண்டிய அவசியமே இல்லை. பவுடர் தூவும் முன் காகிதத்தை ஆன்டி ஸ்டாட்டிக் பையாலோ, கொஞ்சம் டால்கம் பவுடர் தொட்ட துணியாலோ துடையுங்கள், இல்லாவிட்டால் வேண்டாத இடத்திலெல்லாம் பவுடர் ஒட்டும். முடி உலர்த்தும் டிரையர் இதற்கு ஆகாது. அதில் சூடு போதாது, காற்றோ பவுடரை ஊதித் தள்ளிவிடும். ஹீட் கன்னைக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். கருவியைக் காகிதத்திலிருந்து தள்ளிப் பிடித்து முதலில் சூடாக விட்டு, பிறகு கிட்டக் கொண்டுவாருங்கள். பவுடர் பளபளக்கத் தொடங்கியதும் நகர்த்திவிட வேண்டும். அதே இடத்தில் பிடித்துக்கொண்டிருந்தால் உருகியது காகிதத்துக்குள் இறங்கி எண்ணெய்க் கறை மாதிரி ஆகிவிடும்.

அட்டையின் அடித்தளம் பற்றி யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, ஆனால் கையில் எடுத்ததும் முதலில் தெரிவது அதுதான். கனடாவில் கிடைக்கிற லெட்டர் அளவுத் தாளில், அதாவது 8.5க்கு 11 அங்குலத்தில், இரண்டு அட்டைகள் வரும். மடித்த பிறகு 4.25க்கு 5.5 அங்குலம், ஏ2 என்று விற்கும் கவரில் பொருந்தும். இதை இரண்டு விதமாக வெட்டலாம். 11 அங்குலப் பக்கத்தைப் பாதியாக்கி 8.5க்கு 5.5 துண்டுகள் எடுத்து, 4.25இல் மடிக்கலாம். அல்லது நீளவாக்கில் 4.25க்கு 11 என்று வெட்டி, 5.5இல் மடிக்கலாம். அளவு ஒன்றுதான், மடிப்பு ஒன்றல்ல. காகிதத்துக்கு இழையோட்டம் உண்டு, லெட்டர் தாள்களில் அது பெரும்பாலும் 11 அங்குலத் திசையில் ஓடும். முதல் முறையில் மடிப்பு இழையோடு போகும், வழுவழுவென்று மடியும். இரண்டாவது முறையில் இழைக்குக் குறுக்கே மடிவதால் மடிப்பில் வெடிப்பும் வெள்ளைப் பிசிறும் தெரியும். நிறமுள்ள அட்டையில் இது கண்ணை உறுத்தும். சந்தேகம் இருந்தால் தாளை இரு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ அந்த வளைவோடு மடிக்க வேண்டும்.

மடிக்கும் முன் ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு அழுத்தி இழுங்கள். கோட்டின் மறுபக்கம் ஒரு வரப்பு எழும்பும். அந்த வரப்பு அட்டையின் உட்பக்கம் வரும்படி மடியுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அடித்தளத்துக்கு 250 முதல் 300 ஜிஎஸ்எம் தாள் நன்றாக நிற்கும். மேலே ஒட்டும் துண்டை 4க்கு 5.25 அங்குலமாக வெட்டினால் நாலு பக்கமும் எட்டில் ஒரு அங்குல ஓரம் ஒழுங்காகக் கிடைக்கும்.

சித்திரைப் புத்தாண்டையும் சொன்னீர்கள். ஏப்ரல் 14 நமக்கு இளவேனில் தொடக்கம். ஊரில் அப்போது கொன்றை சரம் சரமாகத் தொங்கும். கொன்றைப் பூ ஸ்டாம்ப் இங்கே கடைகளில் தேடிக் கிடைப்பது கஷ்டம், ஆனால் செதுக்கிக்கொள்ளலாம். பெரிய வெள்ளை அழிரப்பர் ஒன்றோ, கைவினைக் கடையில் விற்கிற மென்மையான செதுக்குக் கட்டையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஊடு தெரியும் தாளில் ஐந்து இதழ்ப் பூவைப் பென்சிலால் வரைந்து, தாளைக் கவிழ்த்துக் கட்டையின் மேல் வைத்து, முதுகில் நகத்தால் தேய்த்தால் படம் இடம் வலம் மாறி ஏறிக்கொள்ளும். பதிக்கும்போது மறுபடி மாறிச் சரியாக விழும். கோட்டுக்கு வெளியே உள்ளதை லினோ கத்தியால் சரிவாகச் செதுக்கி எடுங்கள். பூவின் அடிப்பகுதி உள்நோக்கிச் சாய்ந்து குறுகிவிடாமல் வெளிப்பக்கம் அகலமாக நிற்கட்டும், இல்லாவிட்டால் நாலு பதிப்பில் இதழ் ஓரம் பிய்ந்துவிடும். கத்தியை எப்போதும் உங்களை விட்டு விலகிப் போகிற திசையில் தள்ளுங்கள், கையைச் சுற்றாமல் கட்டையைச் சுற்றுங்கள். ஒரு முழுப் பூ, ஒரு மொட்டு என்று இரண்டு துண்டு போதும். மேலே விரிந்த பூக்கள், நுனியில் மொட்டுகள் என்று கீழ்நோக்கி அடுக்கிப் பதித்தால் சரம் வந்துவிடும். கொன்றை அடியிலிருந்து நுனி நோக்கி மலர்வதால் தொங்கும் சரத்தில் மொட்டு எப்போதும் கீழேதான் இருக்கும்.

தமிழில் வாழ்த்துச் சொல் வேண்டுமானால், தமிழ்நாட்டுக்குப் போகிற யாரிடமாவது சொல்லிவிடுங்கள். கோர்ட், சார்பதிவாளர் அலுவலகம் இருக்கிற தெருக்களில் அலுவலக முத்திரை செய்து கொடுக்கும் ரப்பர் ஸ்டாம்ப் கடைகள் உண்டு, நீங்கள் கொடுக்கிற எழுத்தையே செய்து தருவார்கள். தானாக மை ஒற்றிக்கொள்ளும் டப்பா வேண்டாம், சாதாரணக் கைப்பிடி வைத்ததே போதும் என்று சொல்லுங்கள், அப்போதுதான் விரும்பிய நிறத்தில் பதிக்கலாம். எழுத்து மெல்லியதாக, ஆனால் அளவில் கொஞ்சம் பெரியதாக இருக்கட்டும். தமிழ் எழுத்தில் சுழி அதிகம். சின்ன அளவில் செய்தால் ழ, ணி மாதிரியான எழுத்துகளின் சுழி மையில் அடைத்துக்கொள்ளும். பதிக்க வெர்சாஃபைன் போன்ற மையே நல்லது.

வேலை முடிந்ததும் ஸ்டாம்ப்பைக் கழுவ ஈரத்துணி அல்லது ஆல்கஹால் இல்லாத பேபி வைப்ஸ் போதும். மரக்கட்டை ஸ்டாம்ப்பைத் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள், பசை விட்டுப்போகும். தெளிவான ஸ்டாம்ப் அக்ரிலிக் கட்டையில் ஒட்ட மறுத்தால் மென்மையான சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வையுங்கள், ஒட்டும் தன்மை திரும்பிவிடும். வெயில் படும் ஜன்னலோரம் வைத்தால் அது மஞ்சளாகும். டை மையில் செய்த அட்டையும் வெயிலில் வெளுக்கும், ஆகவே சட்டம் போட்டு மாட்டப் போகிற ஒன்றைச் செய்வதானால் பிக்மென்ட் மை எடுங்கள்.

தபால் விஷயம் ஒன்று. கனடா போஸ்ட் சாதாரணக் கடிதமாக எடுத்துக்கொள்ள கவரின் தடிமன் 5 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், 30 கிராம் வரைதான் அடிப்படைக் கட்டணம். ஃபோம் டேப் வைத்துப் பூவை உயர்த்தி ஒட்டுவது அழகுதான். ஆனால் ஒரு அடுக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ரிப்பன் முடிச்சு, மணி, பொத்தான் எல்லாம் நேரில் கொடுக்கும் அட்டைகளுக்கு வைத்துக்கொள்ளலாம். முதல் அட்டையை முடித்ததும் கவருக்குள் போட்டு, சமையலறைத் தராசில் வைத்து எடை பார்த்துவிட்டு மிச்சத்தைத் தொடங்குங்கள். இந்தியாவுக்கோ இலங்கைக்கோ சித்திரைக்குப் போய்ச் சேர வேண்டியவை மார்ச் தொடக்கத்திலேயே தபாலில் இருக்கட்டும். அதனால் கொன்றையை முதலில் செய்யுங்கள். செர்ரியும் டிரில்லியமும் உள்ளூருக்கு, அவற்றை அன்னையர் தினத்துக்கு மே இரண்டாவது ஞாயிறு வரை நிதானமாகச் செய்யலாம்.